நாலாவது ராடு

அத்தியாயம் ஆறு

கருங்கல் சந்தைக்குப் பின்னால், மகேஷ்குமாரின் ஒர்க்‌ஷாப்பில், ஒரு வேன் எஞ்சினின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்ததையெல்லாம் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்கள். நாலு பிஸ்டன்கள். பிஸ்டன்களைச் சுழல்தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடுகளில் முழுதாக மூன்று. நாலாவது ராடு மட்டும் மூன்று துண்டாகக் கிடந்தது. எல்லாவற்றிலும் போலீஸ் அட்டை தொங்கியது. காவலுக்குப் போட்டிருந்த கான்ஸ்டபிள் பகல் பத்து மணிக்கு நாற்காலியில் தலை கவிழ்ந்து நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"சாமானுக்கு இவரு காவலு. இவருக்கு யாரு மேடம் காவலு?" என்றான் எபின்.

இந்துஜா சிரிக்கவில்லை. சொன்ன எபினுக்கே சிரிப்பு வரவில்லை. மார்த்தாண்டத்தில் பேக்கரிக்கு மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிற இந்துஜாவிடம் அவன் உதவியாளனாகச் சேர்ந்து ஏழு வருடம். கல்ஃபில், தம்மாமில் ஸ்டோர்கீப்பராக இருந்து, வேலை போய், ஊர் திரும்பியவன். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு தமாஷ் சொல்லித் தொலைக்கிற வாய் அவனுக்கு. ஆனால் இந்த வழக்கைக் கொண்டுவந்தவனே அவன்தான். இதில் மாட்டியிருப்பது அவனுடைய கூட்டுக்காரனின் மனைவி.

நடந்தது இதுதான். போன வாரம் சிதறால் மலைக்குப் போகிற ஏற்றத்தில், டெல்வின் என்பவன் தன் பழைய டூரிஸ்ட் வேனைத் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பாதி ஏற்றத்தில் ராடு ஒன்று உடைந்து எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. எஞ்சின் நின்றதும் பிரேக் மிதி கல்லாக இறுகிப் பிடிக்காமல் போனது. வேன் பின்னோக்கி உருண்டு ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில் விழுந்தது. டெல்வின் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து முந்தாநாள் செத்துப்போனான். வீட்டில் மனைவி பிரீனாவும் பல் முளைக்காத ஒரு குழந்தையும் இருக்கிறார்கள்.

எஞ்சினைச் சேர்த்துப் பூட்டிய மகேஷ்குமார் போலீசிடம் கையைக் கழுவிவிட்டான். பூட்டியது மட்டும்தான் நான், ராடையும் பிஸ்டனையும் எடை சரிக்கட்டித் தந்தது ஷைஜா, அதுவும் வீட்டு அடுக்களையில் வைத்து என்றான். இன்ஸ்பெக்டர் ஞானசிங் இன்று மாலை ஐந்து மணிக்கு ஷைஜாவைக் கைது செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. ஷைஜாவின் கணவன் பெனிஷ் தம்மாமில் ஐந்து வருடம் எபினின் அறைக்கூட்டாளி; இப்போது ஊரில்தான் இருக்கிறான். "மக்கா, அவ ஒரு கிராம் தப்பவிடமாட்டா. அந்த மகேஷ்தான் என்னமோ செஞ்சிருக்கான். நீ எப்பிடியாச்சும் கண்டுபிடி" என்று நேற்று இரவு போனில் அழுதான். இந்த விஷயத்தில் எபினுக்கும் சந்தேகமே இல்லை. அவன் கண்ணில் மகேஷ்குமார் ஏற்கனவே விலங்கு மாட்டிக்கொண்டுதான் நின்றான்.

"ஷைஜா செய்யுற வேலை என்ன, எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றாள் இந்துஜா.

மகேஷ்குமார் கையை வேஸ்ட் துணியில் துடைத்தான். தடித்த ஆள், மூன்று நாளாகத் தூங்காத கண். "நாலு ராடும் ஒரே எடையா இருக்கணும் மேடம். பிஸ்டனும் அப்பிடித்தான். ஒண்ணு கூடுனா எஞ்சின் கெடந்து நடுங்கும். நான் நாலையும் அவகிட்ட அனுப்புவேன். அவ இருக்கதுலயே எடை கொறஞ்சது எதுன்னு பாப்பா. பொறவு மத்ததையெல்லாம் கிரைண்டர வச்சுத் தேச்சு அதுக்க எடைக்குக் கொண்டுவருவா. எனக்குத் தெரிஞ்சு இந்த வட்டாரத்துல அவள மாதிரி கை யாருக்கும் கெடையாது. ஆனா இப்ப ஒரு ஆளு செத்துப்போச்சே, நான் என்னத்தச் சொல்ல?"

"நேத்து எஞ்சினைப் பிரிச்சப்ப ஷைஜாவைக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"வந்தா. மேசைப் பக்கத்துல வந்து நின்னு பாத்தா. ஒரு வார்த்த பேசல."

இந்துஜா பிஸ்டன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். மூன்றின் உட்புறத்தில் சுரண்டிய இடம் பளபளத்தது. ஒன்றில் எந்த அடையாளமும் இல்லை. பிறகு ராடுகளுக்கு வந்தாள். முழு ராடுகள் மூன்றிலும் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் நகம் அளவுக்குத் தேய்த்த தடம் இருந்தது. உடைந்த ராடின் துண்டுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். அதிலும் தேய்த்த தடம்; ஆனால் நடுத்தண்டில். ராடு முறிந்திருந்ததும் அதே இடத்தில்தான்.

"எபின், நாலு பேர் இருக்காங்க. நாலு பேருக்கும் முடி ஒரே நீளமா இருக்கணும். ஒட்டவைக்க முடியாது, வெட்டத்தான் முடியும். என்ன செய்வே?"

"அதுல குட்டை முடிக்காரன் யாருன்னு பாப்பேன். மத்தவனுவளுக்கு அவன் அளவுக்கு வெட்டிவிடுவேன்."

"அப்ப எத்தனை பேருக்கு வெட்டு?"

"மூணு பேருக்கு. குட்டை முடிக்காரன் சும்மா உக்காந்து பேப்பர் படிப்பான்."

"பிஸ்டன்ல ஒருத்தன் பேப்பர் படிச்சிருக்கான். ராடுல பேப்பர் படிச்சவன் யாரு?"

எபின் மேசையைப் பார்த்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான். நாலு ராடிலும் கிரைண்டர் பட்டிருந்தது. தொடாமல் விட்டிருக்கவேண்டிய ராடு இந்த மேசையிலேயே இல்லை. அது இருந்த இடத்தில் வேறு எதையோ யாரோ தேய்த்து வைத்திருக்கிறார்கள்.

மகேஷ்குமாரின் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மாணை மேடம், நான் இதக் கவனிக்கல. பெட்டியில வந்தத அப்பிடியே எடுத்துப் பூட்டுனேன். சனிக்கிழம காலத்த பெனிஷ் கொண்டுதந்தான். டெல்வினே பக்கத்துல நின்னு பாத்தான்."

"செத்தவன சாட்சிக்குக் கூப்புடுதீரோ? நல்ல வசதி" என்றான் எபின்.

இந்துஜா அவனைக் கையமர்த்திவிட்டு, கான்ஸ்டபிளை எழுப்பி மோட்டார் ஆய்வாளரின் குறிப்பை வாங்கிப் பார்த்தாள். முழு ராடுகள் மூன்றும் தலா ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு கிராம். உடைந்த ராடின் துண்டுகள் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. உடைந்தபோது ஒரு கிராம் பொடியாகப் போயிருக்கலாம்.

"உங்ககிட்ட தராசு இருக்கா?"

"தராசு இருந்தா நான் எதுக்கு மேடம் அவகிட்ட அனுப்புதேன்?"

"இந்த மாடல் ராடு பழசா எங்க கிடைக்கும்?"

"இப்ப அந்த வண்டி ரோட்டுலயே இல்ல. இரணியல் ஸ்டேஷன் பக்கத்துல முத்துநாயகத்துக்க ஆக்கர் கடையில பழைய இரும்போட ரெண்டு மூணு கெடக்கும். வேற எங்கயும் கிட்டாது."

கேட்ட உடனே விலாசம் சொன்னான். எபினுக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்து காரில் ஏறியதும், "பாத்தியளா, எவ்வளவு பவ்யமா சொல்லுதான்? கள்ளன்" என்றான்.

"கள்ளனா இருந்தா கடையைக் காட்டிக்கொடுப்பானா?"

"மூளை உள்ள கள்ளன் மேடம்."

இந்துஜா வண்டியைக் கிளப்பி இரணியல் பக்கம் திருப்பினாள். அவள் பதில் சொல்லாமல் இருந்தால் அவளுக்கு என்னமோ தெரிந்துவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக எபின் அதை ரசிப்பான். இன்றைக்கு ரசிக்க முடியவில்லை.

திங்கள்சந்தை தாண்டும்போது பெனிஷ் போன் செய்தான். "மக்கா, வல்லதும் கெடச்சா?"

"கெடச்சாச்சு. நீ தைரியமா இரு. நாலு ராடுலயும் கிரைண்டர் போட்டிருக்கு. ஒண்ணு ஷைஜா செஞ்சதே இல்ல. எவனோ மாத்தி வச்சிருக்கான். இப்ப இரணியலுக்குத்தான் போறோம், ஆக்கர் கடைக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லே பெனிஷ், கேக்குதா?"

போன் அணைந்துவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று எபின் மறுபடி போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இந்துஜா சாலையைப் பார்த்தபடி வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டாள்.

கடை பூட்டிக் கிடந்தது; முத்துநாயகம் வந்து திறக்கும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. நெற்றியில் நீளமாக நாமம் இட்டு, அவர் பழைய மோட்டார்களுக்கும் துருப்பிடித்த கம்பிகளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வாரமாக உள்ளே வைத்திருந்த கோபம் போல.

"அந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா? தெரிஞ்ச ஆளுன்னா சொல்லி வையுங்க. நான் இந்த யாவாரத்துல இறங்கி எத்தன வருஷம்! எனக்க கடைக்கு சொந்தத் தராசு கொண்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான்."

"தராசா?" என்றாள் இந்துஜா.

"தராசுதான் அம்மா. துவர்த்து முண்டுல பொதிஞ்சு கொண்டு வந்தான். மொத நாளு, ஒரு வியாழக்கிழம, வீட்ட ஒதுக்குனதுன்னு ஒரு சாக்கு பழைய இரும்பு கொண்டுபோட்டான். சளுங்கின பானை, சைக்கிள் ரிம்மு, கூட ஒரு ராடு. மறுநாளு மத்தியானம் ஓடி வாறான். அந்த ராடு திருப்பி வேணுமாம், தெரியாமப் போட்டுட்டானாம். லோடு காலத்தயே ஏறிப் போச்சு, நான் எங்க போவேன்? அதே மாதிரி மூணு ராடு அந்தா அந்த மூலையில கெடந்துது. உக்காந்தான் பாருங்க, தராச விரிச்சு வச்சு ஒவ்வொண்ணா நிறுக்கான். 'என்ன டே, எனக்க மேல நம்பிக்கை இல்லியா'ன்னு கேட்டேன். தலையே நிமிரல. எடை கூடுனது ஒண்ண எடுத்துட்டுப் போனான்."

"ஓட்டலுக்குப் பொதிச்சோறு கொண்டு போனமாதிரி" என்றான் எபின். நாக்குதான் சொன்னது. மனது வேறு எங்கோ நின்றது. மகேஷ்குமாரிடம் தராசு இல்லை. வீட்டை ஒதுக்கியதில் வந்த ராடு. அவன் அதற்குமேல் நினைக்க மறுத்தான். ஒர்க்‌ஷாப் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்திருந்தான். அதில் மகேஷ்குமாரின் முகமும் இருந்தது. நீட்டினான். "இவன்தானே?"

முத்துநாயகம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இவரு கருங்கல் மேஸ்திரில்லா. இவர எனக்குத் தெரியாதா? இவரு இல்ல. அவன் மெலிஞ்ச ஆளு."

"எபின், மத்தப் படத்தைக் காட்டு" என்றாள் இந்துஜா.

"எந்தப் படம்?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் எபினைக் கொன்றது. "உடைஞ்ச ராடு மத்ததோட கிராம் கணக்கா ஒத்துப்போகுது. அப்படி நிறுக்கற தராசு இந்தக் கதையிலே ஒரே வீட்டிலேதான் இருக்கு. உனக்கும் புரிஞ்சாச்சு. காட்டு."

தம்மாம் அறையில் நாலு பேர் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்திருக்கிற பழைய படம் ஒன்று எபினின் போனில் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று எடுத்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் கஞ்சி வைத்துக் கொடுத்தவன், அவனுடைய வேலை போனபோது தன் போர்வையை விற்றாவது டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றவன், அதில் எபினின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். துருக்கறை படிந்த விரல் வந்து சரியாக அந்த முகத்தில் குத்தி நின்றது.

"இவன்தான். தராசுக்காரன்."

எபின் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். கருங்கலுக்குத் திரும்பக் காரில் ஏறினான். பாதி வழியில், "அவன் எதுக்கு மேடம் என்னைக் கூப்புட்டான்? அவனே செஞ்சுட்டு எதுக்குக் கூப்புட்டான்?" என்று கேட்டான்.

"அவன் செஞ்சதாலதான் உடைஞ்சதுன்னு அவனுக்குத் தெரியாது. எடை சரியா இருந்துச்சு. அது போதும்னு நினைச்சிருக்கான். காலையிலே நீ போன்ல சொல்ற வரைக்கும் அவன் நிஜமாவே மகேஷைத்தான் சந்தேகப்பட்டிருப்பான்."

ஷைஜாவின் வீடு கருங்கலில் இருந்து உள்ளே போகிற சாலையில், தென்னைகளுக்கு நடுவில் இருந்தது. மணி நாலரை. ஷைஜா அடுக்களையில் ஒரு துணிப்பையில் இரண்டு நைட்டி, சீப்பு, வேதாகமம், தலைவலி மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது, எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறிய உறுதியான விரல்கள். பிள்ளையைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். பெனிஷ் காலையிலேயே போனவன் இன்னும் வரவில்லை.

"எப்படி நிறுப்பீங்கன்னு ஒருவாட்டி காட்டுவீங்களா?" என்றாள் இந்துஜா.

இந்த நேரத்தில் இது எதற்கு என்று ஷைஜா கேட்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய ராடை எடுத்தாள். மேசைமேல் இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. ராடின் ஒரு நுனியை அதில் கம்பியால் தொங்கவிட்டு, மறு நுனியைத் தராசில் சாய்த்து வைத்தாள். எண்ணைப் படித்தாள். பிறகு ராடைத் திருப்பி, முதலில் தொங்கிய நுனியைத் தராசுக்குக் கொண்டுவந்தாள்.

"தல தனி, கால் தனி. ரெண்டு தடவ நிறுக்கணும். மொத்த எடை ஒண்ணா இருந்தாப் போராது. கால் கனமும் தலை கனமும் ஒத்து வரணும். தேய்க்கதும் நுனியில மட்டுந்தான், நீளவாக்குல. நடுத்தண்டுல கிரைண்டர் தொடப்படாது. தொட்டா அங்கன வச்சு ஒருநாளு முறிஞ்சிரும்."

"எடை குறைஞ்ச ராடு?"

"அதுக்கு ஒண்ணும் செய்யாண்டாம். மத்ததெல்லாம் முடியுறது வரைக்கும் அந்த ஜன்னல்படியில தனியா கெடக்கும். அத வச்சுத்தான் மத்தத ஒப்புப் பாக்கது."

எபின் ஜன்னல்படியைப் பார்த்தான். எல்லாம் அவனுக்கு விளங்கிவிட்டது. பெட்டிக்குள்ளே மூன்று ராடு, தேய்த்து, எண்ணெய் போட்டு, காகிதத்தில் பொதிந்து, புதுசு மாதிரி. ஜன்னல்படியில் ஒன்று, யாரும் கை வைக்காமல், கறுத்துப்போய். நாலிலும் நல்ல ராடு அதுதான். பார்க்கிறவனுக்கு அதுதான் கழித்துப் போட்டது மாதிரி இருக்கும். பெனிஷ் அதைத்தான் பழைய இரும்புச் சாக்கில் போட்டிருக்கிறான்.

"வியாழக்கிழமை நீங்க வீட்டிலே இல்லை, இல்லையா?" என்றாள் இந்துஜா.

"சபை கன்வென்ஷனுக்குப் போயிருந்தேன். சனிக்கிழம ராத்திரிதான் வந்தேன்." ஷைஜா ராடைக் கம்பியில் இருந்து கழற்றினாள். "நீங்க எங்க போயிட்டு வாறியன்னு எனக்குத் தெரியும் மேடம். போகாண்டாம்னு சொல்லணும்னு நெனச்சேன். நேத்து அந்த மேசையில பாத்த உடனே எனக்கு மனசிலாச்சு. நடுத்தண்டுல, குறுக்குவாக்குல. எனக்க கை அப்பிடிப் போவாது. இந்த வீட்டுல இன்னொரு கைதான் உண்டு."

"தெரிஞ்சும் பேசாம நின்னீங்களா?"

"பேசினேன். ஸ்டேஷன்ல வச்சு. நாலும் நான் தேச்சதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு."

இந்துஜா வழக்கு முழுவதையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதை முந்தின நாளே இந்தப் பெண் கெட்டியாக முடிச்சுப் போட்டு வைத்துவிட்டாள். எபினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? ஒரு தப்பும் செய்யாம ஜெயிலுக்குப் போவேன்னு எழுதிக் குடுத்தா, அவன் அதுல என்ன சொகம் காணப்போறான்?"

"அவரு கல்ஃபுல இருந்து வெறுங்கையோட வந்தாரு எபின். உங்களுக்குத் தெரியாததா? பெஞ்சாதிக்குப் பெட்டி சொமக்கவன்னு கோயில் வாசல்ல வச்சே சொல்லுதாவ. அதுக்கு மேல ஆளைக் கொன்னவன்னும் சொல்லிட்டா அந்த மனுசன் உயிரோட இருக்கமாட்டாரு. நான் தாங்கிக்கிடுவேன். அவரால ஒக்காது."

"டெல்வின் செத்தது என்னாலயா, நானா கொன்னேன்?"

பின்வாசலில் பெனிஷ் நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. எபினை அவன் பார்க்கவே இல்லை.

"காலத்த எபின் போன்ல சொன்னப்பதான் எனக்கு வெளங்குச்சு. பிரீனா வீட்டுக்குப் போனேன். வாசல் கேட்டு வரைக்கும் போனேன், உள்ள போவ முடியல. உள்ள பிள்ள அழுதுட்டுக் கெடக்கு. அஞ்சு மணிக்கூர் அந்த ரோட்டுலயே நின்னேன்." அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "பெட்டி கெட்டும்போதுதான் மூணுதான் இருக்குன்னு பாத்தேன் ஷைஜா. உன்னக் கூப்புட்டா ஏசுவியோன்னு பயந்தேன். ஒரு வேலையாவது ஒழுங்கா செய்வீயளான்னு கேப்பியே. அதான் வேற ஒண்ணு வாங்கித் தேச்சேன். உனக்க தராசுலதான் நிறுத்தேன். ஒரு கிராம் கூடல. ஒரு கிராம் கொறயல. கொள்ளாம், எனக்கும் இந்த வேல வருதேன்னு சந்தோசப்பட்டேன்."

ஷைஜா கையில் இருந்த ராடை மேசைமேல் வைத்தாள். பிறகுதான் அவளுடைய குரல் எழுந்தது. பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

"ஆறு வருசம்! ஆறு வருசமா எனக்க பக்கத்துல நின்னு சாயா குடிச்சிருக்கிய. போன் பாத்துட்டு உக்காந்திருக்கிய. ஒரு ராட நான் எதுக்கு ரெண்டு தடவ நிறுக்கேன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கேட்டியளா?"

"கேக்கல" என்றான் பெனிஷ்.

அதைச் சொல்லிவிட்டு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷைஜா சுவரைப் பார்த்து நின்று அழுதாள். எபின் தன் வாழ்நாளில் முதல்முறையாக, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல், அடுக்களைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு செம்பை அவனிடம் நீட்டினான். பெனிஷ் வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஞானசிங், ஒரு பெண் போலீஸ், எழுத்தர் ஒருவர். பெனிஷ் எழுந்து வாசலுக்குப் போய், நான்தான் செய்தேன், அவளை விடுங்கள் என்றான். இந்துஜா முத்துநாயகம் சொன்னதை எடுத்துச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பெண்டாட்டிக்குப் பதிலா நான் வாறேன்னு சொல்லுத மாப்பிளமாரை நான் நெறையப் பாத்தாச்சு. இவன் ஆக்கர் கடையில ராடு வாங்குனான், செரி. அந்த ராடுதான் வண்டிக்குள்ள இருந்துதுன்னு யாரு சொல்லுகது? நாலும் நான் செஞ்சதுன்னு இந்தப் பெண்ணு எழுதித் தந்திருக்கே." அவர் போனில் ராடுகளின் படத்தை எடுத்து பெனிஷிடம் நீட்டினார். "உடைஞ்சதக் காட்டாத, அத யாரும் காட்டுவான். மத்த மூணுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதச் சொல்லு. நான் நம்புதேன்."

பெனிஷ் படத்தைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். நாலிலும் பளபளப்பு, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். வாய் திறந்தான், மூடினான். "எனக்குத் தெரியல சார். ஆனா நான்தான் செஞ்சேன்."

"அப்ப வழி விடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இந்துஜா ஷைஜாவைப் பார்த்தாள். எல்லாரும் ஷைஜாவைப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்ததை அவளே மாற்றினால்தான் போலீஸ் நம்பும். அவள் வாயைத் திறந்தால் புருஷன் போவான். திறக்காவிட்டால் அவள் போவாள், டெல்வின் எப்படிச் செத்தான் என்கிற உண்மையும் அவளோடு போய்விடும். அவள் பேசவேண்டும் என்று எபினுக்கு இருந்தது. பேசக்கூடாது என்றும் இருந்தது. தரையைப் பார்த்தபடி, கர்த்தாவே என்று முணுமுணுத்தான்.

பெண் போலீஸ் கையைப் பிடிக்க வந்தாள். ஷைஜா கையை விலக்கி, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எழுத்தருக்கு எதிரில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள்.

"நேத்து நான் சொன்னது பொய்யி சார். வேற எழுதுங்க. முழுசா இருக்க மூணு ராடும் நான் தேச்சது. நுனியில, நீளவாக்குல. ரெண்டு நுனியையும் தனித்தனியா நிறுத்துப் பாருங்க, ஒத்து வரும். உடைஞ்சது நான் தேச்சதில்ல. நடுத்தண்டுல குறுக்குவாக்குல தேச்சிருக்கு. அதுனாலதான் முறிஞ்சுது."

எழுத்தர் வேகமாக எழுதினார். "தேச்சது யாரு?"

"எனக்க மாப்பிள்ள பெனிஷ்." அவள் குரல் ஆடவில்லை. "தெரியாம செஞ்சது. அத மொதல்ல எழுதுங்க."

எழுத்தர் எழுதப்போனார். பெனிஷ் அவர் பக்கத்தில் வந்து நின்றான். காலையில் இருந்து முதல்முறையாக நிமிர்ந்து நின்றான்.

"தெரியாமன்னு மட்டும் எழுதாண்டாம் சார்" என்றான். "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. அதையும் எழுதுங்க."

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஞானசிங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எழுதும்" என்றார்.